பட்டறை மண் கழுவும் தண்ணீரைத் தெளிய வைக்க: தொட்டியா, படிகாரமா, பாலிமரா, வடிகட்டியா?

கோடை தொடங்கினால் சேலம் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் நகைப் பட்டறை மண் அரிக்கிறவர்களிடமிருந்து தவறாமல் வருகிற கேள்வி இது. பட்டறையில் கூட்டிய குப்பை, உடைந்த மூசை (உருக்கும் கிண்ணம்), வார்ப்பு மாவு (நகை வார்க்கும் அச்சுப் பொடி), மெருகுத் தூசி எல்லாவற்றையும் எரித்து, அரைத்து, சரிவுப் பெட்டியில் (அடியில் இழை விரிப்பு, அதாவது மேட், போட்ட சாய்வான பெட்டி) தண்ணீர் விட்டு அரித்து, அதில் சிக்கிய பொடித் தங்கத்தையும் வெள்ளியையும் பிடிக்கிறார்கள். தண்ணீர் லாரியில் வருவது என்பதால் அதையே மோட்டார் வைத்துச் சுற்றி ஓட்டுகிறார்கள். முதல் ஒரு மணி நேரம் பிரச்சினை இல்லை. அப்புறம் தண்ணீர் குழம்பிப் பழுப்பாகிவிடும், மேட்டில் என்ன தங்குகிறது என்றே தெரியாது.

யோசனை சொல்ல ஆள் பஞ்சமில்லை. ஒருவர் படிகாரம் போடச் சொல்வார். கெமிக்கல் கடைக்காரர் பாலிமர் பொட்டலத்தை நீட்டுவார். மெஷின் விற்கிறவர் ஃபில்டர் பிரஸ் வாங்கச் சொல்வார். பெரியவர் யாராவது தேத்தாங்கொட்டையை ஞாபகப்படுத்துவார். இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு அளவுக்கு, வேறு வேறு சேற்றுக்குப் பொருந்துவது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஆயிரம், இரண்டாயிரம் லிட்டர் சுற்றுகிற பட்டறைக்கு அகலமான தொட்டியும், வேலை முடிந்ததும் ராத்திரியில் போடுகிற கொஞ்சம் படிகாரமும் போதும். மற்றவை எப்போது தேவைப்படும், அவற்றில் எங்கே செலவு ஒளிந்திருக்கிறது என்பதற்குத்தான் மீதிக் கட்டுரை.

ஒரு எச்சரிக்கை, இதைத் தாண்டிப் போகாதீர்கள். கீழே சொல்வதெல்லாம் வெறும் தண்ணீரில் அரித்த மண்ணுக்கு மட்டுமே. அமிலத்தில் கரைத்த தண்ணீரையும், செயின் பாம்பிங் (சயனைடில் போட்டுப் பளபளப்பாக்குவது) செய்த சயனைடு தண்ணீரையும் இந்தச் சுற்றில் ஒரு சொட்டுக்கூடக் கலக்கக் கூடாது. படிகாரம் தண்ணீரில் கரைந்தால் புளிப்புத்தன்மை கொடுக்கும். சயனைடு உள்ள தண்ணீரில் புளிப்பு ஏறினால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். அது ஆளைக் கொல்லும். பாதரசம் வைத்துப் பிடிக்கிற பழக்கம் இருந்தால் அந்தத் தண்ணீரும் சேறும் தனி, அதற்கு இந்த வழிகள் ஆகாது.

## தண்ணீர் எவ்வளவு தெளிந்தால் போதும்?

குடிக்கிற தண்ணீர் மாதிரி தெளிய வேண்டிய அவசியம் சரிவுப் பெட்டிக்குக் கிடையாது. தங்கத்தின் அடர்த்தி 19.3, சாதாரண மணலுடையது 2.65. கொஞ்சம் கலங்கலான தண்ணீரிலும் குருணைத் தங்கம் கீழே போய்விடும். சிக்கல் பொடித் தங்கத்தில்தான். சேறு ஏற ஏறத் தண்ணீர் கெட்டியாகிறது, கனமும் கூடுகிறது. மெல்லிய தகடு போன்ற துகள்கள் மேட்டைத் தொடுவதற்குள் வெளியே போய்விடும். அதோடு களிமண் மேட்டின் இழைகளை மெழுகிவிடும். அதன் மேல் தங்கம் வழுக்கிக்கொண்டு போகும்.

என் கணக்கில், ஒரு வெள்ளை டைல்ஸ் துண்டைத் தொட்டியில் ஒரு சாண் ஆழத்தில் பிடித்தால் மங்கலாகவாவது தெரிய வேண்டும். அந்த அளவு போதும். ஆடும் மேசை (மண்ணை ஆட்டித் தங்கம் பிரிக்கும் மேசை) வைத்திருப்பவர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் தெளிவு தேவை, ஏனென்றால் அங்கே தங்கக் கோட்டைக் கண்ணால் பார்த்துத்தான் பிரிக்கிறோம். தண்ணீரைத் துளைகளில் பீய்ச்சி, மண்ணைச் சுழற்றித் தங்கம் பிரிக்கிற சுழல் இயந்திரம் இருந்தால் துளை அடைபடாத அளவுக்குத் தெளிய வேண்டும்.

இதைத் தீர்மானிக்காமல் கருவி வாங்கப் போகிறவர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

விலையை மட்டும் பார்த்தால் படிகாரம் ஜெயித்துவிடும், ஒப்பீடே தேவையில்லை. நான் பார்ப்பது வேறு சில விஷயங்கள்.

முதலாவது நேரம். ராத்திரி முழுக்கத் தண்ணீரைச் சும்மா விட முடியுமா, இல்லை ஓட ஓடவே தெளிய வேண்டுமா? இரண்டாவது இடம். செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் பத்துக்குப் பத்து அறையில் வேலை செய்பவருக்கும், ஊருக்கு வெளியே ஷெட் போட்டவருக்கும் ஒரே பதில் கிடையாது. மூன்றாவது, போடுகிற பொருள் தண்ணீரோடு திரும்பி வந்து தங்கம் பிடிப்பதைக் கெடுக்குமா என்பது. சுற்றி ஓடும் தண்ணீரில் இதுதான் பெரிய விஷயம். ஒரு தடவை போட்டு வெளியே விடுகிற தண்ணீருக்குச் சொன்ன அளவுகளை இங்கே அப்படியே எடுக்க முடியாது, மிச்சம் சேர்ந்துகொண்டே போகும்.

நான்காவதை யாரும் கேட்பதில்லை: சேற்றின் கதி என்ன? பட்டறை மண்ணின் சேறு குப்பை இல்லை. அதற்குள் பொடித் தங்கமும் வெள்ளியும் இருக்கும், உருக்குகிறவருக்குப் போக வேண்டிய பொருள். தண்ணீரைத் தெளிய வைத்த பொருள் அந்தச் சேற்றில்தான் போய் உட்காரும். உருக்கும்போது அது என்ன செய்யும் என்று இப்போதே யோசிக்க வேண்டும்.

கடைசியாக, உங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது. சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. களிமண் துகள்கள் எல்லாமே எதிர் (நெகட்டிவ்) மின்னேற்றத்தோடு இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. கால்சியமும் மெக்னீசியமும் அந்தத் தள்ளலை அடக்கிவிடும். சோப்பு நுரைக்காமல், பாத்திரத்தில் வெள்ளை படியவிட்டு நாம் திட்டுகிற உப்புத் தண்ணீரில் இவை இரண்டும் தாராளமாக இருக்கின்றன. மேக்னசைட் (மெக்னீசியத் தாது) வெட்டுகிற ஊரில் இதற்குப் பஞ்சம் வருமா? அதே மண்ணை மழைத் தண்ணீரில் கலக்கிப் பாருங்கள், போர்வெல் தண்ணீரைவிட அதிக நேரம் கலங்கியே நிற்கும். ஆக, நல்ல தண்ணீர் வேண்டும் என்று சாஃப்ட்னர் (கால்சியம், மெக்னீசியத்தை எடுத்துவிடும் கருவி) வைத்து அந்தத் தண்ணீரில் அரிக்காதீர்கள்.

## வழி 1: சும்மா படிய விடுவது

செலவு தொட்டிக்கு மட்டும். எந்தப் பொருளும் கலக்காததால் தங்கம் பிடிப்பதற்கும் கேடில்லை, உருக்குவதற்கும் தொல்லையில்லை. ஆனால் எது படியும், எது படியாது என்பதற்குக் கறாரான கணக்கு இருக்கிறது.

மண் துகள் 20 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தால் ஓர் அடி ஆழம் இறங்கக் கால் மணி நேரம்கூட ஆகாது. 2 மைக்ரான் என்றால் அதே ஓர் அடிக்கு ஏறக்குறைய ஒரு நாள். 1 மைக்ரான் என்றால் நான்கு நாள் வரை. அளவு பாதியானால் இறங்கும் வேகம் கால்வாசியாகிவிடும், அதனால்தான் இந்த வித்தியாசம். இதெல்லாம் அசையாமல் நிற்கும் தண்ணீருக்கு. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் 2 மைக்ரான் துகள் படியவே படியாது.

தொட்டி வைக்கிறவர்கள் செய்கிற பெரிய தவறு ஆழத்தைப் பார்ப்பது. ஓடும் தண்ணீரில் துகள் படிவதை முடிவு செய்வது மேற்பரப்பின் அகலம்தான். நிமிடத்துக்கு 20 லிட்டர் ஓடுகிறது, தொட்டியின் மேற்பரப்பு ஒரு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய 20 மைக்ரானுக்கு மேலானவை நின்றுவிடும், அதற்குக் கீழானவற்றில் பெரும்பகுதி தாண்டிப் போய்விடும். தொட்டியை இரண்டு மடங்கு ஆழமாக்கினாலும் இதே கதைதான். அகலத்தை இரண்டு மடங்காக்கினால் உடனே முன்னேற்றம் தெரியும். உயரமான 200 லிட்டர் டிரம் நான்கை வரிசையாகக் கோப்பதைவிட, செங்கல் வைத்துத் தார்ப்பாய் விரித்த ஒன்றரை அடி ஆழத் தொட்டி நன்றாக வேலை செய்யும்.

இடம் இல்லாதவர்களுக்கு ஒரு தந்திரம் உண்டு. தொட்டிக்குள் பிவிசி ஷீட்டுகளை 60 டிகிரி சாய்வில், இரண்டு அங்குல இடைவெளியில் அடுக்கி, தண்ணீர் அவற்றின் கீழிருந்து மேலே ஏறும்படி விடுங்கள். ஒவ்வொரு ஷீட்டும் ஒரு தனித் தொட்டித் தரை மாதிரி ஆகிவிடும். சேறு சரிந்து கீழே போகும். ஒரே தொட்டியில் பல தொட்டிகளின் பரப்பு கிடைக்கும்.

இன்னும் இரண்டு சின்ன வேலைகள். தண்ணீர் வந்து விழும் இடத்தில் ஒரு தடுப்புப் பலகை வைத்து வேகத்தை உடைக்க வேண்டும். மோட்டார் உறிஞ்சும் குழாயை அடியில் விடாமல் ஒரு மிதவையில் கட்டி மேல்மட்டத் தண்ணீரை எடுக்க வேண்டும். பாதிப் பட்டறைகளில் இந்த இரண்டாவதைச் செய்தாலே வித்தியாசம் தெரியும். ஃபுட் வால்வு (உறிஞ்சும் குழாயின் அடிமுனை வால்வு) சேற்றில் புதைந்து கிடந்தால் எந்த மருந்து போட்டும் பயனில்லை.

மறைந்த செலவு: நேரம், அப்புறம் தொட்டியைச் சுத்தம் செய்கிற கூலி.

எப்போது இதுவே போதும்: வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் மட்டும் அரிப்பவர்களுக்கு. வார்ப்பு மாவு அதிகம் கலந்த மண்ணுக்கும் இது போதும். அந்த மாவில் ஜிப்சம் இருப்பதால் அது கரைந்து தானாகவே சேற்றைக் கட்டிவிடும். (அதே மாவில் நுண்ணிய சிலிக்காவும் இருக்கிறது. காய்ந்த தூளை மூச்சில் இழுத்தால் நுரையீரல் கெடும், நனைத்த பிறகே கையாளுங்கள்.)

## வழி 2: படிகாரம்

லீ பஜாரில் கிலோக் கணக்கில் கிடைக்கிற அதே படிகாரம்தான். தண்ணீரில் கரைந்ததும் அலுமினியம் களிமண்ணின் மின்னேற்றத்தை அடக்கி, பிசுபிசுப்பான ஒரு வெண் படலமாகித் துகள்களைச் சுற்றிக்கொண்டு இறங்கும். பால் திரிவது மாதிரி தண்ணீரில் திரிதிரியாகத் தெரிந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

கட்டியைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் சுற்றுகிற வழக்கம் குடத்துக்குச் சரி, ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு ஆகாது. 10 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஒரு லிட்டர் பாட்டில்களில் உங்கள் கலங்கல் தண்ணீரை நிரப்பி, மருந்துக்கடை சிரிஞ்சில் முறையே 2, 4, 6, 8, 10 மில்லி விடுங்கள். இது லிட்டருக்கு 20 முதல் 100 மில்லிகிராம் வரை ஆகும். ஒரு நிமிடம் வேகமாகக் குலுக்கி, பிறகு கால் மணி நேரம் மெதுவாக உருட்டி, அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். எந்தப் பாட்டிலில் குறைந்த மருந்தில் தண்ணீர் போதுமான அளவு தெளிகிறதோ அதுதான் உங்கள் அளவு. லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்று வந்தால் ஆயிரம் லிட்டருக்கு 50 கிராம். அவ்வளவுதான் செலவு.

ஒரு சிக்கனம்: வேலை முடிந்த உடனே போடாதீர்கள். ஒரு மணி நேரம் சும்மா விட்டு, கனமான மண் இறங்கிய பிறகு மேல் தண்ணீரை அடுத்த தொட்டிக்கு மாற்றிப் போடுங்கள். மருந்தும் குறையும், சேறும் இரண்டாகப் பிரியும். முதல் தொட்டிச் சேற்றில் படிகாரம் இருக்காது. தங்கம் அதிகம் இருப்பதும் அதில்தான்.

மறைந்த செலவு மூன்று இடத்தில் இருக்கிறது. படிகாரம் தண்ணீரின் காரத்தன்மையைத் தின்னும். 100 மில்லிகிராம் போட்டால் கால்சியம் கார்பனேட் கணக்கில் 30 முதல் 50 மில்லிகிராம் வரை போய்விடும். நம் போர்வெல் தண்ணீர் முதல் சில தடவை தாங்கும், அதே தண்ணீரில் தினமும் போட்டால் ஒரு கட்டத்தில் தண்ணீர் புளித்துப்போய்ப் படிகாரமே வேலை செய்யாது. இரும்பும் பித்தளையும் அரிபட ஆரம்பிக்கும். புளிப்பைக் காட்டும் பிஎச் தாள் வைத்துப் பார்த்து, 6-க்குக் கீழே போனால் கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிவு விடுங்கள். பிஎச் 6 முதல் 7.5 வரை இருந்தால் படிகாரத்துக்கு நல்லது.

இரண்டாவது, சேறு மொத்தமாகப் பொங்கி நிற்கும். தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும், காய நாளாகும். மூன்றாவது, உருக்கும்போது அந்த அலுமினியம் அலுமினாவாகிக் கசடைக் கெட்டியாக்கும், தங்க மணிகள் அதற்குள் மாட்டிக்கொள்ளும். வெண்காரமும் சோடாவும் கூடுதலாகப் போட வேண்டிவரும். உருக்குகிறவரிடம் படிகாரச் சேறு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பாலி அலுமினியம் குளோரைடு என்று மஞ்சள் தூளாக விற்பதும் இதே குடும்பம். காரத்தன்மையைக் குறைவாகத் தின்னும், சேறும் கொஞ்சம் குறைவு. சந்துப் பட்டறைக்கு அதைத் தேடி அலைகிற அளவுக்கு வித்தியாசம் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் ஒரே தண்ணீரை வாரக்கணக்கில் ஓட்டுகிறவர்களுக்கு அது லாபம்.

எப்போது இது சிறந்தது: பகலில் அரித்து ராத்திரியில் தெளிய விட முடிகிற எல்லோருக்கும்.

## வழி 3: ஜிப்சம், சுண்ணாம்பு

இரண்டும் கால்சியத்தைக் கொடுத்து வேலை செய்பவை, ஆனால் குணம் வேறு. ஜிப்சம் உரக்கடையில் கிடைக்கும், தண்ணீரின் பிஎச்-ஐ அசைக்காது, கையைச் சுடாது. குளத்துத் தண்ணீர் கலங்கலைத் தெளிய வைக்க மீன் வளர்ப்பவர்களும் பயன்படுத்துவது. படிகாரத்தைவிடப் பல மடங்கு போட வேண்டும், ஆயிரம் லிட்டருக்குச் சில நூறு கிராம் என்ற கணக்கு. அளவு கொஞ்சம் கூடினாலும் கெடுதல் இல்லை என்பதுதான் இதன் அழகு. புதிதாகத் தொழில் ஆரம்பித்து, அளவு பார்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். நம் உப்புத் தண்ணீரில் ஏற்கெனவே பாதி வேலை நடந்துவிடுவதால் பலன் சுமாராகத்தான் தெரியும், மழைத் தண்ணீர் சேர்த்து வைத்து அரிப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

சுண்ணாம்பு வேகமாக வேலை செய்யும். ஆனால் நன்றாகக் கட்ட வேண்டுமென்றால் தண்ணீர் கடுங்காரமாக வேண்டும், அந்தத் தண்ணீரில் நாள் முழுக்கக் கையை விட்டு அரிக்க முடியாது. மோட்டாரிலும் குழாயிலும் வெள்ளைப் படிவு ஏறும். படிகாரத்தின் புளிப்பை முறிக்கத் துளி பயன்படுத்தலாம், தனி வழியாக வேண்டாம்.

## வழி 4: பாலிமர்

கெமிக்கல் கடையில் பாலி எலக்ட்ரோலைட் என்று கேட்டால் வெள்ளைக் குருணையாகக் கொடுப்பார்கள். பாலிஅக்ரிலமைடு என்கிற மிக நீளமான சங்கிலி மூலக்கூறு. ஒரு சங்கிலி பல துகள்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்குவதால் கண்முன்னே தண்ணீர் தெளியும். முதல் தடவை பார்ப்பவர்கள் மயங்கிப்போவது இதில்தான்.

தேவைப்படும் அளவு மிகக் குறைவு, ஆயிரம் லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம். ஒரு கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் தூவித் தூவி, ஒரு மணி நேரம் மெதுவாகக் கலக்கிக் கரைக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் வெளியே வழவழப்பும் உள்ளே காய்ந்த தூளுமாகக் கட்டி கட்டியாகி வீணாகும். மிக்சி, டிரில் மெஷின் வைத்து அடித்தால் சங்கிலி அறுந்துவிடும். கரைத்ததைச் சில நாட்களுக்கு மேல் வைக்காதீர்கள். களிமண்ணுக்கு எதிர் மின்னேற்ற (அனயானிக்) வகையே பெரும்பாலும் பொருந்தும். படிகாரம் கொஞ்சம் போட்டு, திரி கட்ட ஆரம்பித்த பிறகு இதை விட்டால் இரண்டுமே குறைவாகப் போதும். கடைக்காரரிடம் இரண்டு மூன்று வகையில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிப் பாட்டிலில் சோதித்த பிறகே மூட்டை வாங்குங்கள்.

இப்போது இதன் மறுபக்கம். அளவு கூடினால் மிச்சப் பாலிமர் தண்ணீரோடு சரிவுப் பெட்டிக்கே திரும்பி வரும். மேட்டில் வழவழப்பாகப் படியும். பெட்டியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மண்ணைத் திரட்டும். அந்தத் திரளுக்குள் பொடித் தங்கம் மாட்டிக்கொண்டால் பஞ்சுப் பொதி போலக் கனமிழந்து வெளியே போகும். எந்தத் தங்கத்துக்காக இவ்வளவு பாடோ, அதையே இது வெளியே தள்ளும். தண்ணீர் பளிங்காக இருப்பதால் தங்கம் போனது யாருக்கும் தெரியவும் தெரியாது. ஆகவே பாலிமரைச் சரிவுப் பெட்டிக்குப் பின்னாலுள்ள தொட்டியில் மட்டும் விட வேண்டும். தெளிந்த தண்ணீரை விரலில் தேய்த்துப் பார்த்து வழுக்கினால் அளவைப் பாதியாகக் குறையுங்கள். தரையில் சிந்தினாலும் ஆளை வழுக்கி விழவைக்கும்.

சேறு விஷயத்தில் மட்டும் இது படிகாரத்தை வென்றுவிடும். இறுக்கமாகப் படியும், எளிதாக நீர் வடியும், உருக்கும்போது எரிந்து போய்விடும், கசடில் எதையும் சேர்க்காது.

எப்போது இது சிறந்தது: இரண்டு ஷிஃப்ட் ஓட்டுகிறவர்களுக்கு, ராத்திரி என்ற ஓய்வே கிடைக்காதவர்களுக்கு, ஓட ஓடவே தெளிய வேண்டியவர்களுக்கு. அதுவும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விட ஒரு பொறுப்பான ஆள் இருந்தால் மட்டும்.

## வழி 5: வடிகட்டி

துணிப்பை வடிகட்டி, மணல் வடிகட்டி, சைக்ளோன் (தண்ணீரைச் சுழற்றி மண்ணைப் பிரிப்பது), ஃபில்டர் பிரஸ் என்று நாலைந்து வகை விற்கிறார்கள். களிமண் தண்ணீரை நேராக இவற்றில் விட்டால் எல்லாமே ஏமாற்றும். துணிப்பை கொஞ்ச நேரத்தில் மெழுகிப்போய் நின்றுவிடும். மணல் வடிகட்டியைத் திரும்பத் திரும்பப் பின்னோட்டம் விட்டுக் கழுவ வேண்டும், அந்தக் கழுவிய தண்ணீர் மறுபடி சேறுதான். சைக்ளோன் மணலையும் வண்டலையும் நன்றாகப் பிரிக்கும். ஆனால் சிறிய சைக்ளோனே ஏறக்குறைய 5 முதல் 10 மைக்ரானோடு நின்றுவிடும், 2 மைக்ரான் களிமண்ணுக்கு அது வெறும் குழாய்.

வடிகட்டிக்கு உரிய இடம் கடைசி. படிய வைத்து, படிகாரம் போட்டுத் தெளிந்த தண்ணீரைச் சுழல் இயந்திரத்துக்கு அனுப்பும் முன் ஒரு துணிப்பை வைத்தால் அது நாள்கணக்கில் உழைக்கும். ஃபில்டர் பிரஸ் நல்ல கருவி. ஆனால் அதன் வேலை சேற்றைப் பிழிந்து கட்டியாக்குவது. நாலைந்து பட்டறைகள் சேர்ந்து ஒரே இடத்தில் மண் அரிக்கிறீர்கள், தினமும் வாளி வாளியாகச் சேறு வருகிறது, அதை உருக்க அனுப்ப வேண்டும் என்றால் யோசிக்கலாம். ஒற்றைப் பட்டறைக்கு அந்தப் பணத்தில் பத்துத் தொட்டி கட்டலாம்.

## வழி 6: தேத்தாங்கொட்டை, முருங்கை விதை, மரவள்ளி மாவு

தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரசித் தண்ணீர் தெளிய வைத்தது நம் பாட்டி காலத்துப் பழக்கம், அது உண்மையாகவே வேலை செய்யும். முருங்கை விதையில் இருக்கிற புரதமும் களிமண்ணைத் திரட்டும். சேலத்தில் இருந்துகொண்டு மரவள்ளி மாவைச் சொல்லாமல் விட முடியாது. பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுக்கும் ஆலைகளில் செம்மண் சேற்றைப் படிய வைக்க மாவுச்சத்தைப் பல காலம் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஏற்காட்டு மலை உச்சியில் வெட்டியதும் அதே பாக்சைட்தான். மாவை அப்படியே கொட்டினால் பயனில்லை, கஞ்சியாகக் காய்ச்சித்தான் விட வேண்டும்.

ஆனால் இவை மூன்றும் அழுகக்கூடிய தாவரப் பொருள். சுற்றி ஓடும் தண்ணீரில் மிச்சம் தங்கி, சேலம் வெயிலில் மூன்றாம் நாளே புளித்து நாற ஆரம்பிக்கும். ஜவ்வரிசி ஆலைத் தண்ணீரின் வாசம் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு தடவை தெளிய வைத்துக் கீழே விடுகிற தண்ணீருக்குச் சரி, பட்டறைச் சுற்றுக்கு என் ஓட்டு இல்லை.

## வழி 7: தண்ணீரையே மாற்றிவிடுவது

இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மழைக்காலத்தில், போர்வெல் நன்றாக ஊறும்போது, மற்ற எல்லாவற்றையும்விட இது மலிவு என்று தோன்றும். ஆனால் கலங்கிய தண்ணீரைச் சாக்கடையில் விட்டால் அது திருமணிமுத்தாற்றுக்குப் போய்ச் சேர்கிறது. செம்பு, ஈயத் தூளெல்லாம் கலந்த சேறு அது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். வாரியத்தை விடுங்கள், அந்தக் கலங்கலோடு உங்கள் பொடித் தங்கமும் சாக்கடைக்குப் போகிறது. பட்டறைத் தெருச் சாக்கடை மண்ணை அரித்தே பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் காரணம் இதுதானே?

## ஒரே பார்வையில்

| வழி | தெளிய ஆகும் நேரம் | இடம் | தங்கம் பிடிப்பதைக் கெடுக்குமா | சேறு |
|---|---|---|---|---|
| சும்மா படிய விடுவது | ஒரு நாள் முதல் பல நாள் | அதிகம் | இல்லை | சுத்தம், உருக்க எளிது |
| படிகாரம் | ஓரிரு மணி நேரம் | நடுத்தரம் | புளிப்பைக் கவனித்தால் இல்லை | பொங்கும், கசடு கெட்டியாகும் |
| ஜிப்சம் | சில மணி நேரம் முதல் ஒரு நாள் | நடுத்தரம் | இல்லை | பரவாயில்லை |
| பாலிமர் | சில நிமிடங்கள் | குறைவு | அளவு கூடினால் ஆம் | இறுக்கம், நீர் வடியும் |
| வடிகட்டி மட்டும் | அடைபடும் வரை உடனே | குறைவு | இல்லை | பையைக் கழுவும் வேலை |
| விதை, மாவு | ஓரிரு மணி நேரம் | நடுத்தரம் | நாறும், நுரைக்கும் | அழுகும் |

## கலங்காமல் பார்ப்பது

மேலே உள்ள எல்லா வழிக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மண்ணை அளவுக்கு மீறி அரைக்காதீர்கள். பால் மில்லில் (குண்டுகள் உருண்டு அரைக்கும் உருளை) போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய் வருகிறவர்கள் மூசைத் தூளை மாவாக்கிவிடுகிறார்கள். பாதிக் கலங்கல் அங்கேதான் பிறக்கிறது. கொஞ்சம் அரைத்து, சலித்து, சலிக்காததை மட்டும் மறுபடி அரைப்பது கூடுதல் வேலைதான், ஆனால் தண்ணீரும் மிஞ்சும், தங்கமும் பொடிந்து போகாது.

மெருகுத் தூசியில் எண்ணெய்ப் பசை இருக்கும். அதை நன்றாக எரிக்காமல் தண்ணீரில் போட்டால் பொடித் தங்கம் அந்தப் பசையோடு மிதக்கும். மிதக்கிறதே என்று துணி சோப்புத்தூளை அள்ளிப் போடுவார்கள். அதில் உள்ள சோடாவும் மற்ற உப்புகளும் களிமண்ணைப் பிரித்து மிதக்க வைக்கும், பீங்கான் பட்டறைகளில் களிமண்ணை இளக்க வேண்டுமென்றே சோடா போடுகிற அதே காரணம்தான். தவிர்க்க முடியாவிட்டால் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம்.

## எதைப் போட்டும் தெளியாவிட்டால்

படிகாரம் லிட்டருக்கு 100 மில்லிகிராம் போட்டும் பாட்டிலில் திரி கட்டவில்லை என்றால் இன்னும் கொட்டிக்கொண்டே போகாதீர்கள். மூன்றைப் பாருங்கள். பிஎச் 6-க்குக் கீழா? சோப்புத்தூள், சலவை சோடா கலந்திருக்கிறதா? சாஃப்ட்னர் தண்ணீரா? முதலாவதற்குச் சுண்ணாம்புத் தெளிவு. மற்ற இரண்டுக்கும் முதலில் ஜிப்சம் கரைத்துப் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி படிகாரச் சோதனை. மூன்றும் இல்லை என்றால் சேறு அளவுக்கு மீறி இருக்கிறது. அந்தத் தண்ணீரைப் பாதியாகப் பிரித்துப் புதுத் தண்ணீர் சேர்த்துச் சோதித்தால் தெரிந்துவிடும்.

அதற்கும் அசையாத தண்ணீரை, காலி இடம் இருந்தால், தார்ப்பாய் விரித்த ஆழமில்லாத குழியில் விட்டு வெயிலில் காய விடுங்கள். ஏப்ரல், மே மாத வெயிலுக்கு அது சில நாள் வேலை. அடியில் மிஞ்சுகிற தகட்டைச் சுரண்டி, மற்ற சேற்றோடு சேர்க்காமல் தனிப் பையில் கட்டி, என்றைக்கு எந்த மண்ணிலிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள். உருக்குகிறவர் ஒரு கைப்பிடி சோதித்துப் பார்த்துச் சொல்லும் வரை அதைத் தூக்கிப் போட வேண்டாம்.